மல்லாங்கிணறு டூ மாசசூசெட்ஸ்: அந்தக் கடிதத்தை யார் எழுதுவார்?

அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் நான்கு பேருக்கு இடம் கிடைப்பதே பெரிது. கரிசல் காட்டு அரசுப் பள்ளி மாணவி அந்த நால்வரில் ஒருத்தியாக வர முடியுமா? முடியும். ஆனால் அதற்கான வேலை ஒன்பதாம் வகுப்பில், அவளுடைய ஆசிரியரின் மேசையில் தொடங்க வேண்டும்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில், தேர்ச்சி விகிதப் பட்டியலின் மேல் வரிசையில் விருதுநகர் மாவட்டத்தைத் தேடிப் பழகியவர்கள் நாம். பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடத்தை விடாமல் பிடித்திருந்த மாவட்டம் இது. இதே மாவட்டத்தைத்தான் மத்திய அரசு 2018ல், வளர்ச்சியில் கைதூக்கிவிட வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை இரண்டுதான்: ராமநாதபுரமும் விருதுநகரும். படிப்பில் முன்னால், வசதியில் பின்னால் நிற்கிற மண் இது.

அந்த மண்ணின் நடுவில் இருக்கிறது மல்லாங்கிணறு. காரியாபட்டி வட்டத்துப் பேரூராட்சி. ஒரு பக்கம் அருப்புக்கோட்டை, ஒரு பக்கம் விருதுநகர். பருத்தி, மல்லி, மிளகாய், கம்பு என்று வானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. பள்ளிக்கல்வித் துறைக்கு அமைச்சராக இருந்தவரையும், கவிஞராகி நாடாளுமன்றம் சென்றவரையும் தந்த ஊர். இங்கே படிப்பின் அருமையை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் டாக்டர், இன்ஜினீயர், கலெக்டர் என்று பளிச்சென்று பதில் வரும். நீட் தெரியும், ஜே.இ.இ. தெரியும், 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் தெரியும். ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தொடாத வீட்டுப் பிள்ளையையும் ஒரு ரூபாய் வாங்காமல் நான்கு ஆண்டு படிக்க வைக்கும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் இருப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நூற்றில் நான்கு

முதலில் கசப்பான கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024ல் சேர்க்கை பெற்ற அணிக்கு ஹார்வர்டில் வந்த விண்ணப்பங்கள் 54,008. இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். யேல் பல்கலைக்கழகத்தில் 57,465 விண்ணப்பங்களுக்கு 2,146 பேர். இரண்டுமே நான்கு சதவீதத்துக்குக் கீழே. எம்.ஐ.டி.யில் மொத்த விகிதம் ஐந்து சதவீதத்தைத் தொடுவதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் தனியே பார்த்தால் அது இரண்டு சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அங்கே முதலாண்டு வகுப்பில் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் வெளிநாட்டவர். உலகத்துக்கே நூற்றுச் சொச்சம் இடங்கள். சீனா, பிரேசில், கென்யா, டெல்லி, சென்னை எல்லாம் அதற்குள்தான் பங்கு போட்டாக வேண்டும்.

இந்தச் சதவீதத்தைப் பார்த்து, குலுக்கல் சீட்டு என்று ஒதுங்குவோரும் உண்டு. "நம்ம பிள்ளை கெட்டிக்காரி, கிடைத்துவிடும்" என்று நம்புவோரும் உண்டு. இரண்டும் சரியில்லை. நான்கு சதவீதம் என்பது வந்து குவிந்த விண்ணப்பங்கள் அனைத்துக்குமான சராசரி. முழு மதிப்பெண் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் நிராகரிக்கப்படுகிறார்கள். அவர்களைவிடக் குறைந்த மதிப்பெண்காரர்கள் உள்ளே போகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கிலும் ஐ.ஐ.டி. சேர்க்கையிலும் பழகிய நமக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் சிரமம். அமெரிக்காவில் கட்-ஆஃப் கிடையாது. ரேங்க் பட்டியல் கிடையாது. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் பதிலும் கிடையாது.

மூன்று கோடி ரூபாய் என்பது என்ன?

2021 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்து விவசாயி ஒருவரின் 17 வயது மகளுக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தில் மூன்று கோடி ரூபாய் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, பீகாரில் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன் இரண்டரைக் கோடி உதவித்தொகையோடு பென்சில்வேனியாவின் லஃபாயட் கல்லூரிக்குத் தேர்வானார். செய்தியைப் படித்தவர்கள் அந்தக் கோடிகளைப் பரிசுப் பணம் என்று நினைத்திருக்கலாம். உண்மையில் அது வசூலிக்காமல் விட்ட கட்டணம்.

ஹார்வர்டில் 2025-26ம் ஆண்டுக்கான கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 86,926 டாலர். நம் பணத்தில் ஆண்டுக்கு 75 லட்சம் ரூபாயை ஒட்டி வரும். நான்கு ஆண்டுக்கு மூன்று கோடி. இந்தத் தொகையைப் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து ஏற்றுக்கொள்வதைத்தான் பத்திரிகைகள் தலைப்பில் போடுகின்றன. 2025-26 முதல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் எதுவுமே கட்ட வேண்டாம் என்று ஹார்வர்டு அறிவித்துவிட்டது. மல்லாங்கிணறில் ஒரு லட்சம் ரூபாய் வருமானமே பெரிய கணக்கு.

இங்கேதான் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான கல்லூரிகளில், உதவித்தொகை கேட்கும் வெளிநாட்டு மாணவரின் வாய்ப்பு அந்த இடத்திலேயே குறைந்துவிடும். நிதி குறைவு, பணம் கட்டக்கூடியவருக்கே முன்னுரிமை. ஆனால் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில நிறுவனங்களில், பணம் கேட்டதற்காக வெளிநாட்டு விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கக் கூடாது என்பது விதி. தேர்வு செய்கிறவர் குடும்ப வருமானத்தைப் பொருட்படுத்த மாட்டார். தேர்வான பிறகு, தேவைப்படும் தொகை முழுவதையும் தந்தாக வேண்டும். பிரவுன் பல்கலைக்கழகமும் அண்மையில் இந்த வரிசையில் சேர்ந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாடா அறக்கட்டளை தந்த 2.5 கோடி டாலர் நிதியிலிருந்து, எந்த நேரத்திலும் ஏறத்தாழ இருபது இந்திய மாணவர்கள் உதவி பெற்றுப் படிக்கிறார்கள்.

ஆகவே வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கண்ட கல்லூரிக்கெல்லாம் விண்ணப்பம் போடுவதில் பயனில்லை. எங்கே வறுமை தடையாகாதோ அந்தப் பட்டியலை முதலில் கையில் எடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்போம்

ஏறத்தாழ எல்லா முன்னணிக் கல்லூரிகளும் ஏற்கும் பொது விண்ணப்பம் 'காமன் ஆப்' எனப்படுவது. இணையத்தில் கணக்கு தொடங்கக் காசு கேட்பதில்லை. விண்ணப்பக் கட்டணத்தையும், குடும்ப நிலையைச் சொல்லித் தள்ளுபடி கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான மதிப்பெண்கள், எஸ்.ஏ.டி. என்ற பொதுத் திறன் தேர்வு, ஆங்கிலத் திறன் தேர்வு, 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை, இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பள்ளித் தலைமையிடமிருந்து ஓர் அறிக்கை ஆகியவை தேவை. கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி. தேவையில்லை என்று சொன்ன எம்.ஐ.டி. 2022லும், ஹார்வர்டு, யேல், டார்ட்மத், பிரவுன் ஆகியவை 2024லும் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டன.

அந்த விண்ணப்பத்தில் 'செயல்பாடுகள்' என்றொரு பகுதி இருக்கிறது. பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என்ன செய்தாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று எழுத வேண்டும். விளக்கத்துக்கு 150 எழுத்துகள்தான் இடம். நகரத்துப் பிள்ளைகள் இதில் விவாத மேடை, ரோபோ போட்டி, பியானோ என்று நிரப்புவார்கள். நம் ஊர்ப் பிள்ளை "எனக்கு எதுவும் இல்லையே" என்று கையைப் பிசையும். ஆனால் அந்தக் கட்டத்தைத் தட்டினால் விரியும் பட்டியலில் 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒரு வகை இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்த வேலை என்று இன்னொரு வகையும் இருக்கிறது.

அருப்புக்கோட்டைத் தறி வீட்டில் பள்ளி விட்டு வந்ததும் நூல் சுற்றிக் கொடுப்பது, விடுமுறையில் மிளகாய் பறிக்கப் போவது, அம்மா கூலிக்குப் போனதும் தம்பி தங்கைக்குச் சோறாக்கிப் பாடம் சொல்லித் தருவது, மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதுவது. இவை எல்லாம் அந்தக் கட்டங்களுக்கு உரியவை. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வீட்டு வேலை பார்த்துக்கொண்டே கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண்ணை, வேலையே இல்லாமல் வாங்கியவனுக்குச் சமமாகப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழு எடைபோடுவதில்லை. பள்ளியில் என்ன வசதி இருந்தது, அதைக் கொண்டு பிள்ளை எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பதுதான் அவர்கள் முறை. இல்லாத வசதிக்காக மதிப்பைக் குறைப்பதில்லை. இருந்ததைச் சொல்லாமல் விட்டால்தான் அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

அதனால் எழுதத் தெரிய வேண்டும். நூல் சுற்றியதை வெட்கப்பட்டு மறைக்கிற பிள்ளைக்கு, அதைத் தலைநிமிர்ந்து எழுதலாம் என்று சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும்.

கடிதம் என்ற பெரும் பள்ளம்

நம் பள்ளிகள் மாணவரைப் பற்றி எழுதும் ஒரே குறிப்பு மாற்றுச் சான்றிதழில் இருக்கிறது. நடத்தையும் ஒழுக்கமும் என்ற வரிக்கு எதிரே 'நன்று' என்று எழுதி ஹெச்.எம். கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டு ஆண்டுப் படிப்புக்கு ஒரு சொல். ஊரில் முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கும் அதே சொல், கடைசி பெஞ்சுப் பையனுக்கும் அதே சொல்.

அமெரிக்கச் சேர்க்கைக் குழுவுக்கு அந்தச் சொல் எந்த உதவியும் செய்யாது. "கடின உழைப்பாளி, பணிவானவள், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள்" என்ற நமது வழக்கமான பரிந்துரையும் அப்படித்தான். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு சாட்சியம். இயற்பியல் ஆசிரியர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: மின்னோட்டப் பாடம் நடத்திய வாரம், இந்தப் பெண் வீட்டு மீட்டரைப் பத்து நாள் குறித்து வந்து, பம்ப்செட் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று வகுப்புக்கே படம் போட்டுக் காட்டினாள், என்னால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டாள், அடுத்த வாரம் அவளே விடையோடு வந்தாள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இப்படி ஒரு கடிதம், விண்ணப்பத்தில் உள்ள எண்கள் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்துவிடும்.

பெருநகரங்களின் சர்வதேசப் பள்ளிகளில் இதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாணவர் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே குறிப்பேடு தொடங்கிவிடுவார்கள். பள்ளி எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை பேர் படிக்கிறார்கள், மதிப்பெண் முறை என்ன என்று விளக்கும் இரண்டு பக்கப் பள்ளி அறிமுகம் அவர்களிடம் தயாராக இருக்கும். நம் அரசுப் பள்ளியில் ஒரு பாட ஆசிரியர்தான் 'எமிஸ்' இணையதளப் பதிவு, தேர்வுப் பணி, இலவச சைக்கிள் கணக்கு எல்லாம் பார்க்கிறார். கடிதம் எழுத மனமில்லாதவர் அல்ல அவர். எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. எப்படி எழுதுவது என்று யாரும் காட்டியதுமில்லை. நகரத்துப் பிள்ளைக்கும் கரிசல் பிள்ளைக்கும் இருக்கும் மிகப் பெரிய இடைவெளி இதுதான். அறிவிலோ உழைப்பிலோ இவ்வளவு தூரம் கிடையாது.

ஓர் ஆசிரியர் செய்தது

இந்த நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று படித்தவர்களில் தலையாயவர் அம்பேத்கர். 1913ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த உதவித்தொகை. அந்த உதவிக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் இருக்கிறார். மும்பையின் பூங்கா ஒன்றில் தனியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவன் பீமராவைக் கவனித்தவர், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். இண்டர்மீடியட் முடித்து மேலே படிக்க வழியில்லாமல் நின்றபோது, மன்னரிடம் அழைத்துப் போய்ப் பரிந்துரைத்தவரும் அவரே. ஒரு பள்ளி ஆசிரியர் ஒரு பிள்ளைக்காகப் பேசினார். அதன் பலனை ஒரு தேசமே அனுபவிக்கிறது.

அதே கொலம்பியாவில், அம்பேத்கருக்குக் கற்பித்த அதே செலிக்மன் என்ற பொருளியல் பேராசிரியரிடம் 1920களின் இறுதியில் படித்தார் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. இந்தியாவின் வறுமைக்கும் வரிமுறைக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்து, 1929ல் திரும்பி வந்து காந்தியைச் சந்தித்தார். வாழ்நாளெல்லாம் கிராமப் பொருளாதாரத்துக்காக உழைத்த அவர், கடைசி ஆண்டுகளைக் கழித்தது டி.கல்லுப்பட்டியில், இதே கரிசல் வட்டாரத்தின் மறு முனை. வெளிநாட்டுப் படிப்பு என்றால் பிள்ளையை நிரந்தரமாகப் பறிகொடுப்பது என்று அஞ்சும் பெற்றோருக்கு, கொலம்பியாவிலிருந்து கல்லுப்பட்டிக்கு வந்தவரின் வாழ்க்கை ஆறுதலான செய்தி.

ஏமாறாமல் இருக்க

ஆசை பெருகும் இடத்தில் இடைத்தரகர் வந்து நிற்பார். "ஹார்வர்டில் சீட் உறுதி" என்று எந்த கன்சல்டன்சி சொன்னாலும் அது பொய். கட்டுரையை எழுதித் தருகிறோம், செயல்பாட்டுச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பதும் குழியில் தள்ளும் வேலை. 2024ல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில், போலி மதிப்பெண் பட்டியலும் உயிரோடு இருக்கும் அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழும் தயாரித்து முழு உதவித்தொகை பெற்ற இந்திய மாணவர் கைதாகி, நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதன் பாரம், நேர்மையாக விண்ணப்பிக்கும் ஒவ்வோர் இந்தியப் பிள்ளையின் மீதும் விழுகிறது.

அமெரிக்க அரசியலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 மே மாதம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையையே அந்நாட்டு அரசு ரத்து செய்தது. நீதிமன்றம் உடனே தடுத்து நிறுத்தியது. அதே மாதம் மாணவர் விசா நேர்காணலுக்கான புதிய முன்பதிவுகள் நிறுத்தப்பட்டன. ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இடம் கிடைத்தாலும் விசா கிடைக்கும் வரை உறுதியில்லை.

மழையை நம்பி விதைக்கிறவர் பருத்தியை மட்டும் போடுவதில்லை. ஊடே பாசியும் உளுந்தும் போடுவார். விண்ணப்பமும் அப்படித்தான். ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், மருத்துவம் என்று இங்குள்ள கதவுகள் எதையும் சாத்திவிட்டு அமெரிக்காவைத் தேட வேண்டாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2023-24ல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். உலக நாடுகளிலேயே அதிகம். அவர்களில் இளநிலைப் படிப்பில் இருந்தவர்கள் 36,053 பேர் மட்டுமே. முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளில் 1,96,567 பேர். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சைகூட கரக்பூர் ஐ.ஐ.டி.யை முடித்துவிட்டுத்தான் ஸ்டான்ஃபோர்டு போனார். அறிவியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் கட்டண விலக்கோடு மாதாமாதம் உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் கைகொடுக்கிறது. பதினேழு வயதில் கதவு திறக்காவிட்டால் இருபத்தொன்றில் தட்டலாம்.

எப்போது என்ன செய்ய வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பு: இந்த ஆண்டின் மதிப்பெண்ணும் விண்ணப்பத்தில் சேரும். ரேங்க் கார்டைப் பத்திரமாக வையுங்கள். தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் படிப்பதும் சொந்தமாகப் பத்து வரி எழுதுவதும் இப்போதே தொடங்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு: பிடித்த ஒரு துறையில், பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு வேலையை எடுத்துத் தொடர்ந்து செய்யுங்கள். கண்மாயில் வரும் பறவைக் கணக்கு, ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம், எதுவானாலும் சரி. தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு: எஸ்.ஏ.டி. இப்போது கணினியில்தான் நடக்கிறது. பயிற்சித் தேர்வுகள் இலவசம். உங்களை நன்கு அறிந்த இரண்டு ஆசிரியர்களிடம் இந்த ஆண்டு முடிவதற்குள் கடிதம் கேளுங்கள். அமெரிக்க அரசின் 'எஜுகேஷன் யு.எஸ்.ஏ.' மையம் தரும் ஆலோசனைக்குக் கட்டணமில்லை. சென்னைக்குப் போகாமல் இணையத்திலேயே பேசலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு: முன்கூட்டியே விண்ணப்பிப்போருக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள், மற்றவர்களுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. அதாவது அரையாண்டுத் தேர்வு நேரத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத வீடுகள், வருமானம் எப்படி வருகிறது என்று உள்ளதை உள்ளபடி விளக்கி ஒரு கடிதம் வைக்கலாம். முடிவுகள் மார்ச் இறுதியில், நம் பொதுத் தேர்வு நடக்கும் சமயத்தில் வரும்.

நாம் கேட்க வேண்டியது

தமிழ்நாடு அரசு பாதி வழி வந்துவிட்டது. மாவட்டம்தோறும் மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கிருந்து பிள்ளைகள் தைவான் வரை உதவித்தொகையோடு போயிருக்கிறார்கள். புகழ்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் முதல் பயணச் செலவை ஏற்பதாகவும் அரசு அறிவித்திருக்கிறது. விமானத்துக்குக் காசு தயார். விண்ணப்பத்துக்குக் கடிதம்தான் தயாராக இல்லை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐம்பது ஆசிரியர்களுக்கு, பரிந்துரைக் கடிதமும் பள்ளி அறிமுகக் குறிப்பும் எழுத இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். ஒன்பதாம் வகுப்பிலேயே, தகுதியுள்ள பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் குறிப்பெழுத ஒரு நோட்டுப் போடலாம். பெரிய நிதி தேவையில்லை, அரசாணைகூடத் தேவையில்லை. ஒரு முதன்மைக் கல்வி அலுவலர் மனம் வைத்தால் வரும் ஜூனிலேயே நடக்கும். அந்தக் கடிதம் அமெரிக்காவுக்கு மட்டும் பயன்படுவதும் அல்ல. நேர்காணல் வைத்து மாணவரை எடுக்கும் உள்நாட்டு உயர்கல்வி நிறுவனத்துக்கும் உதவித்தொகைக் குழுவுக்கும் அதுவே கைகொடுக்கும்.

நூறு பேரில் நால்வர் என்ற கணக்கை நம்மால் மாற்ற முடியாது. அந்த நூறு பேரில் மல்லாங்கிணறுப் பிள்ளை ஒருத்தியை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். அவளைப் பற்றி இன்றே ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.